சுண்ணாம்புச் சுவரில் தீட்டிய நீலம் பழுப்பாகிவிட்டது, ஏன்?

வடகரப்பதி மணி (கேள்வி)

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பஸ் போர்டில் மலையாளம், சாமான் வாங்கப் பொள்ளாச்சி. எங்கள் மாரியம்மன் கோவில் முன்மண்டபச் சுவரில், காளிங்கன் தலைமேல் கண்ணன் ஆடுகிற படம் ஒன்று இருந்தது. தாத்தா காலத்துப் படம். மழைக்காலத்தில் ஓதம் ஏறி பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டதால், போன பொங்கல் நோன்புக்கு முன்னால் அதைப் புதிதாகத் தீட்டலாம் என்று கமிட்டியில் முடிவு செய்தோம்.

சிமெண்ட் வேண்டாம் என்று பெரியவர்கள் பிடிவாதம். அதனால் பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டு, சுண்ணாம்பு, மணல், கடுக்காய்த் தண்ணீர், வெல்லம் சேர்த்துப் புதுக் காரை பூசினோம். வெளியூரிலிருந்து ஒரு ஓவியர் வந்தார். நீலத்துக்கு அவரே ஒரு பொடி கொண்டுவந்தார். கெட்டியாகக் குழைத்தால் கறுப்பு போலத் தெரியும். ஒரு சிட்டிகையில் ஒரு கிண்ணம் நிறைய நீலம் வரும். தீட்டிய அன்றைக்குப் பார்க்க அருமையாக இருந்தது. நோன்பு முடிந்து கம்பம் பிடுங்குவதற்குள் அங்கங்கே சாம்பல் தட்டியது. அப்புறம் பழுப்பு. அதுவும் ஓதம் ஏறும் கீழ்ப்பகுதியில்தான் முதலில். இப்போது கண்ணன் செம்மண் நிறத்தில் ஆடிக்கொண்டிருக்கிறார்.

எனக்குப் புரியாதது இதுதான்: அதே பொடியை வார்னிஷில் குழைத்து, மர மயில் வாகனத்தின் கழுத்துக்கும் அடித்தார். அது இன்றைக்கும் பளபளவென்று அப்படியே இருக்கிறது. ஊரில் தெய்வக் குத்தம் என்று ஒரு பேச்சு, ஓவியர் ஏமாற்றிவிட்டார் என்று ஒரு பேச்சு. உண்மையில் என்ன நடந்தது? அந்தக் காலத்தில் என்ன நீலம் போட்டார்கள்? மறுபடி தீட்டினால் எதை வாங்குவது?

பொள்ளாச்சி பெயிண்டர்

எதற்கு இத்தனை பாடு? பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, நல்ல எமல்ஷனில் தீட்டுங்கள். நிறம் போகாது. ஓதம் இருந்தால் தோல் உரியும், அதற்கு நான் பொறுப்பில்லை.

கொல்லங்கோடு டீச்சர்

மணி, எமல்ஷனுக்கு ஓட வேண்டாம். ஓதம் ஏறுகிற சுவரை அது மூடிவிடும். ஈரம் வெளியேற வழியில்லாமல் படத்தோடு சேர்த்துப் பெயர்த்துத் தள்ளும். மேலே பெயிண்டரே அதைச் சொல்லிவிட்டார்.

நான் அரசுப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகுதான் சுவரோவியம் கற்றுக்கொள்ளப் போனேன். இரண்டு பைத்தியமும் சேர்ந்திருப்பதால் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதே பொடி மயில் கழுத்தில் நன்றாக இருக்கிறது, சுவரில் கெட்டது என்றால், பொடியில் கலப்படம் இருக்க வாய்ப்பில்லை. சாமிக்கும் கோபமில்லை. அந்த நீலத்துக்கும் சுண்ணாம்புக்கும் ஆகவே ஆகாது, அவ்வளவுதான். நீங்கள் சொல்கிற அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது பிரஷ்யன் நீலம். உறுதி செய்துகொள்ள வேண்டுமா? வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளிய விடுங்கள். மேல் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குப்பியில் எடுத்து, அந்தப் பொடியில் துளியூண்டு போட்டுக் குலுக்கி இரவு முழுக்க வையுங்கள். காலையில் பழுப்பாக இருந்தால் ஆள் அகப்பட்டான்.

இந்த நீலம் பிறந்ததே கலப்படமான ஒரு சரக்கில்தான். 1706 வாக்கில் பெர்லினில் டீஸ்பாக் என்ற சாயக்காரர் சிவப்புச் சாயம் ஒன்று தயாரித்துக்கொண்டிருந்தார். அதற்கு வேண்டிய பொட்டாஷை டிப்பல் என்பவரிடமிருந்து வாங்கினார். டிப்பல் அதை ஏற்கெனவே விலங்கு ரத்தத்திலிருந்து எண்ணெய் வடிக்கப் பயன்படுத்தியிருந்தார். சிவப்பு வர வேண்டிய பாத்திரத்தில் நீலம் வந்தது. செய்முறையை ரகசியமாக வைத்துக் காசு பார்த்தார்கள். 1724-ல் ஜான் உட்வர்ட் லண்டனில் அதை அச்சில் போட்ட பிறகு ஐரோப்பா முழுக்க எல்லோரும் செய்ய ஆரம்பித்தார்கள். ஜப்பானில் ஹொகுசாய் என்ற ஓவியர் 1831 வாக்கில் அச்சிட்ட அந்தப் பெரிய அலைப் படத்தில் இருப்பதும் இதே நீலம்தான். காகிதம், மரம், எண்ணெய் எல்லாவற்றிலும் நிற்கும். சுண்ணாம்பில் மட்டும் நிற்காது.

காரணம் எளிது. அது இரும்பும் சயனைடும் பின்னிக் கிடக்கிற ஒரு சேர்மம். (பயப்பட வேண்டாம், அந்தச் சயனைடு இரும்போடு இறுகிப் பிணைந்திருப்பதால் கையில் பட்டால் ஒன்றும் ஆகாது. அதற்காகத் தீயில் போடவோ ஆசிட் ஊற்றவோ வேண்டாம்.) புதுச் சுண்ணாம்பு கடுமையான காரம். அது அந்தப் பின்னலை அவிழ்த்துவிடும். மிஞ்சுவது இரும்பு ஹைட்ராக்சைடு, துருவின் பங்காளி. உங்கள் கண்ணன் மேல் இருக்கும் செம்மண் நிறம் அதுதான். ஈரம் இருக்கும் இடத்தில்தான் காரம் கரைந்து நடமாடும், அதனால்தான் கீழ்ப்பகுதியில் முதலில் வந்தது.

சுண்ணாம்பைத் தாங்குகிற நீலம் மனிதனிடம் ரொம்ப காலமாக இருந்திருக்கிறது. எகிப்தியர்கள் இன்றைக்கு ஏறக்குறைய ஐயாயிரம் வருடங்களுக்கு முன்பே மணல், சுண்ணாம்புக் கல், செம்பு, கொஞ்சம் காரம் எல்லாவற்றையும் 900 டிகிரிக்குப் பக்கத்தில் சுட்டு ஒரு நீலம் செய்தார்கள். ரோமானியர்கள் அதை ஈரச் சுண்ணாம்புச் சுவரிலேயே தீட்டினார்கள். விட்ருவியஸ் தம் கட்டடக்கலை நூலில் செய்முறை எழுதியிருக்கிறார்: மணலையும் காரத்தையும் மாவாக அரைத்து, செம்புத் தூள் தூவி, கையால் உருண்டை பிடித்து, காய வைத்துச் சூளையில் வைக்க வேண்டும். பொம்பேயில் எரிமலைச் சாம்பலைத் தோண்டியபோது வண்ணக் கிண்ணங்களில் அந்த நீலம் கிடைத்தது. சூளையில் வெந்து வந்த சரக்கு அது. சுண்ணாம்பால் அதை என்ன செய்ய முடியும்? ரோமாபுரி சரிந்த பிறகு அந்தக் கைப்பழக்கம் மெல்ல மறைந்துபோனது.

அடுத்த பெரிய நீலம் கல்லிலிருந்து வந்தது. ஆப்கானிஸ்தானில் பதக்‌ஷான் மலைகளில் ஸார்-இ-ஸங் சுரங்கத்தில் கிடைக்கும் லாபிஸ் லசூலி. நம் அஜந்தாவில் ஐந்தாம் நூற்றாண்டுப் படங்களிலேயே அந்தக் கல் நீலம் இருக்கிறது. ஆனால் கல்லைச் சும்மா இடித்தால் சாம்பல் நிறத் தூள்தான் வரும், கூடவே இருக்கும் வெள்ளைக் கல்லும் பொன்னிறத் துகளும் கெடுத்துவிடும். இத்தாலியர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். சென்னினி என்பவர் பதினைந்தாம் நூற்றாண்டை ஒட்டி எழுதி வைத்திருக்கிறார்: கல் தூளை பைன் பிசின், மாஸ்டிக் பிசின், மெழுகு மூன்றோடும் பிசைந்து உருண்டையாக்கி, சாம்பல் காரத் தண்ணீருக்குள் கையால் பிசைந்துகொண்டே இருக்க வேண்டும். நீலத் துகள் மட்டும் தண்ணீரில் இறங்கும், அழுக்கு உருண்டையிலேயே நின்றுவிடும். முதலில் இறங்குவதுதான் உசத்தி. கடைசியில் வருவது வெறும் சாம்பல். இத்தனை பாடுபட்டு வருவதால் அங்கே பொன்னுக்கு நிகராக விற்றது. மாதாவின் அங்கிக்கென்று தனியாக ஒப்பந்தம் எழுதி வாங்குவார்கள்.

விலை கட்டாதவர்கள் செம்புத் தாதுவான அசுரைட்டை எடுத்தார்கள். அதற்கும் சுவரோடு தகராறு உண்டு. இத்தாலியின் படுவா நகரில் ஜோட்டோ என்ற ஓவியர் 1305 வாக்கில் தீட்டிய தேவாலயத்தில், மற்ற நிறங்களை ஈரச் சுவரில் வைத்துவிட்டு நீலத்தை மட்டும் காய்ந்த பிறகு பசையில் குழைத்து வைத்தார்கள். சுவரோடு ஒன்றாத அந்த நீலம்தான் பல இடங்களில் உதிர்ந்துபோய், மாதாவின் உடையில் அடிப்பூச்சு தெரிகிறது. உங்கள் கமிட்டிக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள், ஓவியர் மேல் கோபம் கொஞ்சம் குறையும்.

இனிமேல்தான் உங்கள் வீட்டு விஷயம். 1824-ல் பிரான்சில் ஒரு சங்கம், லாபிஸ் நீலத்தைச் செயற்கையாக மலிவாகச் செய்து காட்டுபவருக்கு 6000 பிராங்க் பரிசு என்று அறிவித்தது. 1828-ல் கிமே என்பவர் பரிசைத் தட்டிப்போனார். ஜெர்மனியில் க்மெலின் என்ற பேராசிரியர் ஏறக்குறைய அதே நேரத்தில் செய்துவிட்டு, நான்தான் முதலில் என்று சண்டை போட்டார். சரக்கு என்ன தெரியுமா? வெள்ளைக் களிமண், சோடா, கந்தகம், கரி. எல்லாவற்றையும் சேர்த்துச் சூளையில் வேக வைப்பது. அதுதான் அல்ட்ராமரைன். துணிக்குப் போட நீலக் கட்டி என்று நம் கடைகளில் விற்றார்களே, அதேதான். உங்கள் பாட்டி பண்டிகைக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்திருப்பார். எந்தச் சுவராவது பழுப்பானதா? இல்லை. அதற்குக் காரம் ஒரு பொருட்டே இல்லை.

கேரளத்துச் சுவரோவிய மரபில் சொல்லப்படும் நீலம் வேறு. நீல அமரி இலையிலிருந்து எடுப்பது, தமிழில் அவுரி. இங்கே ஈரச் சுவரில் தீட்டுவதில்லை. காரை காய்ந்த பிறகு சுண்ணாம்பை இளநீரில் கலந்து இருபத்தைந்து, முப்பது பூச்சு கொடுத்து, அதுவும் காய்ந்த பிறகு வேப்பம்பிசினில் நிறத்தைக் குழைத்து வைப்பார்கள். வெள்ளை என்று தனியாகக் கிடையாது, விட்ட இடமெல்லாம் சுவரின் வெள்ளை. நீலத்தை அப்படியே போடுவதைவிட எரவிக்கறை என்ற மஞ்சள் பிசினோடு கலந்து பச்சையாக்குவதுதான் அதிகம். சாத்துவிகத் தெய்வங்களுக்குப் பச்சை என்பது முறை. அதனால்தான் இந்தப் பக்கத்துக் கோவில்களில் கிருஷ்ணன் பெரும்பாலும் பச்சையாக நிற்பார். தக்கலைப் பக்கம் போனால் பத்மநாபபுரம் அரண்மனையில் உப்பரிகை மாளிகையின் மேல்தளச் சுவர்களைப் பாருங்கள் (மேலே ஏற விட்டால்).

உங்கள் தாத்தா காலத்துக் கண்ணன் அமரியா, சலவை நீலமா என்று ஊகிக்க வேண்டியதில்லை. உதிர்ந்த துண்டு யாராவது எடுத்து வைத்திருக்கிறார்களா? இருந்தால், நகத்தளவு துண்டில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். சுண்ணாம்பு நுரைக்கும், அதை விட்டுவிடுங்கள். நீலம் வெளுத்து, லேசாக அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது அல்ட்ராமரைன். அமிலம் பட்டால் உள்ளே இருக்கும் கந்தகம் வாயுவாக வெளியேறும். நிறம் அசையாமல் நின்றால் மறுபடி இங்கே எழுதுங்கள்.

நகரி சங்கர்

டீச்சர், வணக்கம். நான் ஆந்திரா பக்கம், நகரி. மாமா வீட்டில் ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரி வேலை. எங்கள் முறையில் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்ததில் ஊற வைப்போம். இரும்பும் வெல்லமும் புளித்த கறுப்பில் கோடு, அப்புறம் படிகாரம் வைத்துச் சிவப்பு, அப்புறம் மஞ்சள். நீலம் கடைசி. இப்போது பலரும் கடை நீலம்தான் போடுகிறார்கள், பழைய ஆட்கள் அவுரித் தொட்டி வைத்திருந்தார்கள். அந்தத் தொட்டியில் சுண்ணாம்பு போட்டுத் தகரை விதையை வேக வைத்துச் சேர்த்துப் புளிக்க விடுவார்கள். துணியைத் தூக்கும்போது மஞ்சள் கலந்த பச்சையாக வரும், காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும்.

என் சந்தேகம் இதுதான். அவுரி சுண்ணாம்பிலேயே ஊறுகிற நீலம். அப்படியிருக்க மணி அண்ணா அதையே சுவரில் போடலாம் இல்லையா? எதற்குச் சலவை நீலம்?

கொல்லங்கோடு டீச்சர்

நல்ல கேள்வி, சங்கர். அவுரிக்குச் சுண்ணாம்பு எதிரி இல்லை, சரிதான். தொட்டியில் நடப்பது என்னவென்றால், புளிப்பு நீலத்தோடு ஹைட்ரஜனைச் சேர்க்கிறது, சுண்ணாம்பின் காரம் அதைக் கரைத்து வைக்கிறது. கரைந்தது நூலுக்குள் புகுந்து, காற்றுப் பட்டதும் அந்த ஹைட்ரஜனை இழந்து, உள்ளேயே கரையாத நீலமாகிக் குடியிருக்கும். சுவரில் அப்படிக் குடியிருக்க இடமில்லை. பிசின் படலத்தில் பொடியாக மேலேயே கிடக்கும். வெயில் நேராகப் பட்டால் வருஷத்துக்கு வருஷம் வெளுக்கும். இருட்டான ஸ்ரீகோவில் (கருவறை) சுவரில் அமரி தாக்குப்பிடிக்கும். மணி சொல்வது திறந்த முன்மண்டபம்.

மத்திய அமெரிக்காவில் மாயா மக்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அவுரி நீலத்தைப் பாலிகோர்ஸ்கைட் என்ற களிமண்ணோடு சேர்த்துச் சூடாக்கினார்கள். களிமண்ணின் நுண்துளைகளில் நீலம் போய் அடைத்துக்கொண்டது. காட்டு ஈரத்திலும் நூற்றாண்டுகள் தாண்டி நிற்கிறது. நமக்கு அந்தக் களிமண்ணும் பழக்கமும் இல்லை.

இன்னொன்று, கடையில் "இண்டிகோ" என்று விற்பதெல்லாம் அவுரி இல்லை. ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் 1897-ல் செயற்கை இண்டிகோவைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு நம் நாட்டு அவுரிச் சாகுபடி படுத்துவிட்டது. திண்டிவனம் பக்கம் இன்னும் கொஞ்சம் பயிராகிறது.

கஞ்சிக்கோடு செல்வி

எம்.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறேன் டீச்சர். யின்மின் நீலத்தை விட்டுவிட்டீர்களே! 2009-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாஸ் சுப்ரமணியனின் ஆய்வகத்தில் கிடைத்தது. நம் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் ஐ.ஐ.டி. மெட்ராஸிலும் படித்தவர். மின்னணுப் பொருள் தேடி இட்ரியம், இண்டியம், மாங்கனீசு ஆக்சைடுகளை 1200 டிகிரியில் சுட்டபோது, உலையிலிருந்து பளிச்சென்று நீலம் வந்தது. வெயிலும் காரமும் ஒன்றும் செய்யாது, வெயிலின் வெப்பக் கதிரைக்கூடத் திருப்பி அனுப்பும்.

கொல்லங்கோடு டீச்சர்

தெரியும் மகளே, அவரைப் பற்றிப் படித்துச் சந்தோஷப்பட்டவள்தான் நான். இண்டியம் விற்கிற விலையில் கமிட்டிப் பணத்துக்குக் கண்ணனின் சுண்டுவிரல் மட்டும்தான் வரும்.

வடகரப்பதி மணி

டீச்சர், இரண்டு சோதனையும் செய்துவிட்டோம். ஓவியர் விட்டுப்போன பொடி சுண்ணாம்புத் தண்ணீரில் காலைக்குள் பழுப்பாகிவிட்டது. பூசாரி வீட்டு அட்டாலியில் பழைய காரைத் துண்டுகள் இருந்தன. ஒன்றில் எலுமிச்சை விட்டோம். நுரைத்தது, நீலம் வெளுத்தது, நாற்றமும் வந்தது. பூசாரியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு "இதைத்தான் சாமின்னு கும்பிட்டோமா" என்றார். ஆக, தாத்தாக்கள் போட்டது சலவை நீலம்!

இனி எப்படித் தொடங்குவது? பழுப்பின் மேலேயே தீட்டலாமா? கடையில் சொட்டு நீலம்தான் கிடைக்கிறது, அது ஆகுமா?

கொல்லங்கோடு டீச்சர்

சொட்டு நீலம் ஆகாது. அது தண்ணீரில் கரைகிற சாயம், வேறு ஜாதி. பொடி வேண்டும். கோவையில் வண்ணப் பொடி விற்கிற கடைகளில் அல்ட்ராமரைன் என்று கேளுங்கள். சலவைக்கென்று விற்கும் பொடியில் சோடாவோ வேறு நிரப்பியோ கலந்திருக்கலாம். வாங்கியதைக் கொஞ்சம் தண்ணீரில் கலக்கி இரவு வையுங்கள்: நீலம் அடியில் தங்கி மேல் தண்ணீர் தெளிந்திருந்தால் சரி, மேல் தண்ணீரும் நீலமாக இருந்தால் சாயம் கலந்தது, திருப்பிக் கொடுங்கள்.

பழுப்பின் மேல் தீட்ட வேண்டாம். கண்ணன் உருவம் உள்ள இடத்தை மட்டும் மெல்லச் சுரண்டி, சுண்ணாம்புப் பால் பூச்சுகள் கொடுத்து, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. அவசரப்படாதீர்கள், நோன்பு தேதியைப் பார்த்துச் சுவர் காயாது. முதலில் அந்த ஓதம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மண்டபத்துக்கு வெளியே கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுந்தால் ஒரு ஓடை வெட்டி விடுங்கள். அதைச் செய்யாவிட்டால் எந்த நீலமும் உதிரும், நிறம் மாறாமல் உதிரும்.

வேப்பம்பிசினைத் தண்ணீரில் ஊற வைத்து வடிகட்டி, அதில் பொடியைக் குழையுங்கள். பிசின் அதிகமானால் மினுமினுத்துப் பொரிந்து வரும், குறைந்தால் விரலில் ஒட்டும். பின்பக்கச் சுவரில் ஒரு சாண் அளவுக்குத் தீட்டிப் பார்த்து, ஒரு மழை போகட்டும். அந்த ஓவியரையே கூப்பிடுங்கள். தீட்டிய அன்றைக்கு அருமையாக இருந்தது என்று நீங்களே சொல்கிறீர்கள், பொடிதான் தப்பு.

கடைசியாக ஒன்று. காரத்துக்கு அஞ்சாத இந்த நீலம் புளிப்புக்கு அஞ்சும், நீங்களே முகர்ந்து பார்த்துவிட்டீர்கள். வெள்ளிக்கிழமை எலுமிச்சை விளக்குப் போடுகிறவர்களை அந்தச் சுவரிலிருந்து தள்ளி உட்காரச் சொல்லுங்கள். புளி போட்டுக் குத்துவிளக்கு தேய்க்கிற வேலையும் மண்டபத்தில் வேண்டாம், கிணற்றடியில் நடக்கட்டும். தரை கழுவ ஆசிட் வாங்குகிற பழக்கம் கமிட்டிக்கு இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.